10 இஞ்ச் மைட்டர் சாவுக்கு மாடி ஏற்றி இறக்கக்கூடிய ஸ்டாண்டு: எப்படிச் செய்வது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: இன்டீரியர் வேலை செய்கிறீர்கள், 10 இஞ்ச் மைட்டர் சா (தலையைக் கீழே இறக்கி மரத்தைக் குறுக்கே வேண்டிய கோணத்தில் வெட்டும் மெஷின்) ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், தரையில் குந்தி உட்கார்ந்து வெட்டி முதுகு போகிறது. லிப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடி வரை தூக்க வேண்டும், டாடா ஏஸில் ஏற வேண்டும். ஸ்டாண்டை வாங்குவதா, நாமே செய்வதா? அதே ஸ்டாண்டில் மார்பிள் கட்டரைக் கவிழ்த்து மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

செய்யலாம். நல்ல வெல்டிங் பட்டறை பக்கத்தில் இருந்தால் ஒரு நாள் வேலை. கம்பெனி ஸ்டாண்டுகள் மோசம் என்று சொல்ல மாட்டேன். டிவால்ட்டின் டிடபிள்யூஎக்ஸ்723 மாதிரியானது ஏறக்குறைய 16 கிலோ எடையில் 227 கிலோ தாங்கும், இரண்டு பக்கமும் நீளும். கையில் காசு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் நமக்கு 227 கிலோ தாங்கும் சக்தி தேவையே இல்லை. 10 இஞ்ச் மெஷின் சாதாரண வகை என்றால் 12 முதல் 17 கிலோ, தலை முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடிங் வகை என்றால் 20 கிலோவுக்கு மேல். இதை ஒரு பழைய மேசையே தாங்கிவிடும்.

தாங்க வேண்டியது மரத்தை. 7 அடி நிலைச்சட்டமோ 8 அடி ரீப்பரோ வைக்கும்போது, மெஷினின் சொந்த மட்டம், அதாவது மரம் படுக்கும் மேல்தளம், வலமும் இடமும் சேர்த்து ஒன்றரை இரண்டு அடிதான் இருக்கும். மிச்ச நீளம் காற்றில் தொங்குகிறது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்து, மறு கையால் வெட்டும்போதுதான் வெட்டும் கோணலாகிறது, விரலும் போகிறது. அதனால் ஸ்டாண்டின் காலைப் பற்றி யோசிக்கும் முன்பு, இரண்டு பக்கமும் நீண்டு மரத்தைத் தாங்கும் ரெக்கையைப் பற்றி யோசியுங்கள். ஸ்டாண்டு செய்ய இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றால், அதுவரைக்கும் மெஷின் மட்டத்தின் உயரத்துக்குச் சரியாக இரண்டு பிளைவுட் பெட்டி அடித்து இரண்டு பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். தரையில் வெட்டினாலும் வெட்டு சுத்தமாக வரும்.

சரி, அளவுக்கு வருவோம். நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்கு ஓரிரு இஞ்ச் மேலே மரம் படுக்க வேண்டும். ஐந்தரை அடி ஆளுக்கு இது 33 இஞ்ச் வாக்கில் வரும். இதில் மெஷினின் அடியிலிருந்து அதன் மட்டம் வரை உள்ள உயரத்தைக் கழியுங்கள். பல மெஷின்களில் அது 3 இஞ்சுக்கும் 5 இஞ்சுக்கும் நடுவே இருக்கும். உங்களுடையதை டேப் வைத்து அளந்துவிடுங்கள், படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கீழே சொல்வதெல்லாம் 4 இஞ்ச் என்று வைத்துப் போட்ட கணக்கு.

நடுச்சட்டத்துக்கு 25க்கு 25 எம்எம் இரும்பு ஸ்கொயர் பைப், 16 கேஜ், அதாவது 1.6 எம்எம் தடிமன். மீட்டருக்கு ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. 18 கேஜ் மலிவு, எடையும் கம்மி. ஆனால் வெல்டிங்கில் சட்டென்று ஓட்டை விழுந்துவிடும், போல்ட் இறுக்கினால் நசுங்கும். நீளவாக்கில் 30 இஞ்சில் இரண்டு பைப். அவற்றின் நடுவே 20 இஞ்சில் நான்கு குறுக்குப் பைப். இரண்டு குறுக்கு ஓரங்களில் வரும். மற்ற இரண்டும் மெஷினின் கால் துளைகள் எங்கே இருக்கின்றனவோ அதற்கு நேர் கீழே வர வேண்டும். எனவே மெஷினைப் பட்டறைக்கே தூக்கிக்கொண்டு போய், வைத்துக் குறித்து வெல்டு செய்யச் சொல்லுங்கள்.

ஓரக் குறுக்குகள் நீளப் பைப்புகளின் இடையில்தான் உட்கார வேண்டும், அவற்றின் வாயை மூடக் கூடாது. அந்த நான்கு வாயும் திறந்திருந்தால்தான் ரெக்கையின் பைப் உள்ளே நுழையும். பட்டறைக்காரர் அழகுக்காக வாயை அடைத்துக் கொடுத்துவிடுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நடுச்சட்டத்தின் மேல் பிளைவுட் போடச் சிலர் சொல்வார்கள். நான் போட மாட்டேன். மூன்று கிலோ கூடும், மரத்தூள் அங்கேயே குவியும், மழையில் நனைந்து உப்பினால் மெஷின் ஆடும். வெறும் இரும்புக் குறுக்கே போதும். நான்கு மூலையிலும் முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் அடித்து, குறுக்கு மூலைக்கு மூலை அளந்து, இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் முழு வெல்டிங். சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பதால் ஒரே மூலையை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாமல் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

கால்கள் இரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு பைப், நடுவில் ஒரு குறுக்கு. இவற்றை மடக்கும்படி மாட்டுவதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். நீளப் பைப்பையே துளைத்துப் போல்ட் போட்டால் மடக்கு என்னவோ வேலை செய்யும், ஆனால் அந்தப் போல்ட் பைப்பின் நடுவில் குறுக்கே நிற்கும், ரெக்கை உள்ளே போகாது. அதனால் 5 எம்எம் பட்டை இரும்பில் காது வெட்டி, நீளப் பைப்பின் அடியில் வெல்டு செய்து, அந்தக் காதில் 10 எம்எம் போல்ட்டில் காலை மாட்டுங்கள். நைலான் வைத்த லாக் நட்டு போட்டால் கால் மடங்கும், நட்டு கழலாது. ஒரு பக்க ஜோடிக்குக் காது ஒரு இஞ்ச் கூடுதலாக இறங்கட்டும், அந்தக் கால்கள் ஒரு இஞ்ச் குறையட்டும். அப்போது முதல் ஜோடி மடங்கிச் சட்டத்தோடு படியும், இரண்டாவது ஜோடி அதன்மேல் படியும். காதை ஒரே உயரத்தில் வைத்தால் இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும்.

விரித்து நிற்கும்போது பாதம் சட்டத்தின் ஓரத்தைவிட 3 இஞ்ச் வெளியே வர வேண்டும். அந்த நிலையில் கால் நகராதபடி பிடிக்க ஒரு பட்டை இரும்பு ஸ்டே போட்டுப் போல்ட்டில் பூட்டுங்கள். வெறும் உராய்வை நம்பி விடாதீர்கள். மெஷின் தலையை மேலே விடும்போது ஸ்பிரிங் ஒரு உதறு உதறும், அதில் பூட்டாத கால் நகரும்.

டைல்ஸ் போடாத தளத்தில்தான் நமக்குப் பாதி வேலை. அங்கே நான்கு கால் எதுவும் ஆடாமல் நிற்காது. நான்கு காலுக்கும் அட்ஜஸ்ட்மென்ட் தேவையில்லை, ஒரே ஒரு காலுக்கு இருந்தால் போதும். மூன்று கால் எப்போதும் தரையைத் தொடும், நான்காவதைத் திருகி இறக்கினால் ஆட்டம் நிற்கும். அந்தக் காலின் அடியில் 12 எம்எம் நட்டு ஒன்றை வெல்டு செய்து, நீளப் போல்ட் ஒன்றைக் கீழிருந்து முடுக்கி வைத்தால் முடிந்தது. மற்ற மூன்றுக்கும் ரப்பர் புஷ். ரசமட்டம் வைத்துத் தளத்துக்குச் சமமாக்க வேண்டிய அவசியமில்லை. ஸ்டாண்டு ஒரு பக்கம் கொஞ்சம் சரிந்திருந்தாலும் வெட்டு கெடாது, ஆடினால்தான் கெடும்.

இனி ரெக்கை. ஒவ்வொரு ரெக்கைக்கும் 20க்கு 20 பைப்பில் 42 இஞ்ச் நீளம் இரண்டு. இதில் 6 இஞ்ச் நடுச்சட்டத்தின் வாய்க்குள் போகும், 36 இஞ்ச் வெளியே நிற்கும். 25 பைப்பின் உள் அளவு 21.8 எம்எம் என்பதால் 20 பைப் தாராளமாக நுழையும். நுழையாமல் சிக்கினால் பைப்பின் உள்ளே ஓடும் மடிப்பு வெல்டிங்தான் காரணம். தகட்டை மடித்து வெல்டு செய்த இஆர்டபிள்யூ பைப்பில் பெரும்பாலும் உள்பக்கம் ஒரு கோடாக மேடு இருக்கும், அரத்தால் வாயிலிருந்து 6 இஞ்ச் வரை தேய்த்துவிட்டால் சரியாகும்.

நுழைவது போலவே ஆடவும் செய்யும். இரண்டுக்கும் நடுவே 1.8 எம்எம் இடைவெளி. உள்ளே போவது 6 இஞ்ச், வெளியே நிற்பது 36 இஞ்ச் என்றால் அந்த 1.8 எம்எம் ரெக்கை முனையில் ஏறக்குறைய 11 எம்எம் தொங்கலாகக் காட்டும். மூன்றரை நூல்! (ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒன்று.) வெறுமனே செருகி நிறுத்தும் ரெக்கைகள் எல்லாம் முதல் நாளே தலை தொங்குவது இதனால்தான். அடியில் ஒரு நட்டு வெல்டு செய்து 8 எம்எம் போல்ட் முடுக்கினால் ஆட்டம் நிற்கும். தொங்கலைத் தூக்க முனையில் ஒரு கால் வேண்டும்.

அந்தக் கால் மட்டத்துக்காக மட்டுமில்லை, கவிழாமல் இருக்கவும்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெஷின் 15 கிலோ, நடு ஸ்டாண்டு 10 கிலோ, ஒவ்வொரு ரெக்கையும் 6 கிலோ. 5க்கு 3 இஞ்சில் 7 அடி தேக்கு நிலைச்சட்டம் ஒன்று 13 கிலோ வரும். அதன் நுனியை மட்டும் சீவ வேண்டும் என்று வைத்தால், சட்டம் முழுவதும் ஒரு பக்க ரெக்கையில் கிடக்கும். பாதம் நடுவிலிருந்து 18 இஞ்சில் இருக்கிறது. இந்த நிலையில் ரெக்கை முனையில் ஒருவர் பத்துப் பதினொரு கிலோ அழுத்தம் கொடுத்தால் எதிர்ப்பக்கக் கால் தரையை விட்டு எழும்பிவிடும். பதினொரு கிலோ என்பது உதவிக்கு நிற்கும் பையன் பேச்சுவாக்கில் கையை ஊன்றுவதுதான். வேங்கை, வேம்பு என்றால் சட்டமே இன்னும் கனம்.

ஆகவே ஒவ்வொரு ரெக்கை முனையிலும் ஒற்றைக் கால். 25 பைப் 20 இஞ்ச், அதற்குள் 20 பைப் 16 இஞ்ச், பூட்ட ஒரு போல்ட். காது வைத்து மடக்கும்படி மாட்டலாம். இரண்டு கால் தேவையில்லை. இரண்டு பைப்பும் நடுச்சட்டத்தில் உட்காருகின்றன, முனையில் ஒரு கால், ஆக மூன்றே இடம். மூன்று இடத்தில் நிற்பது ஆடாது.

ரெக்கையின் இரண்டு பைப்பையும் இணைக்க 20 இஞ்சைவிட 5 எம்எம் நீளமான குறுக்கு இரண்டு, நடுச்சட்டத்தில் மிஞ்சிய 25 பைப்பிலேயே வெட்டிக்கொள்ளலாம். மொத்தத்தில் 25 பைப் 20 அடியில் இரண்டு, 20 பைப் 20 அடியில் ஒன்று வாங்கினால் எல்லாம் அடங்கும்.

ரெக்கையின் இரும்பு மெஷின் மட்டத்தைவிட 4 இஞ்சுக்கு மேல் தாழ்வாக இருக்கும். அந்த உயரத்தை 12 எம்எம் பிளைவுட்டில் கவிழ்த்த பெட்டி அடித்து ஈடு செய்யுங்கள். 36 இஞ்ச் நீளம், 10 இஞ்ச் அகலம், இரண்டு பக்கமும் நிற்கும் பலகை. பிடபிள்யூஆர் கிரேடு எடுத்தால் சைட் ஈரத்துக்கு நிற்கும். பெட்டியை வேண்டுமென்றே ஒரு நூல் குறைவாகச் செய்யுங்கள். மீதியை மைக்கா துண்டால் ஏற்றுங்கள். இன்டீரியர் ஆள் கையில் 1 எம்எம் மைக்கா வெட்டு எப்போதும் இருக்கும். ஒவ்வொரு துண்டாகச் சொருகி, ஆறடி அலுமினியப் பட்டையை மெஷின் மேலும் ரெக்கை மேலும் படுக்கவைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து ஏற்றினால் மட்டம் அச்சாக வந்துவிடும். பிளைவுட்டையே சரியான உயரத்துக்கு அறுத்துவிட்டு, அரை எம்எம் கூடிப்போனால் திரும்பச் சீவுவது பெரிய தலைவலி.

எம்எம் கணக்கில் ஏன் இவ்வளவு கறார் என்றால், தாழ்வது ஒரு தொல்லை, உயர்வது ஆபத்து. ரெக்கை ஒரு காகித அளவு தாழ்ந்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. வெட்டு முடியும் இடத்தில் கொஞ்சம் பிசிறு வரும், அவ்வளவுதான். இரண்டு ரெக்கையும் மெஷின் மட்டத்தைவிட உயர்ந்திருந்தால் மரம் பாலம் கட்டியது போல நடுவில் தூக்கி நிற்கும். பிளேடு இறங்கி அறுத்து முடிக்கும் நேரத்தில் இரண்டு துண்டும் நடுவில் சரியும், வெட்டின் மேல்வாய் மூடிப் பிளேடைக் கவ்வும். கவ்வினால் மெஷின் உதறும், மரம் எகிறும். எனவே சந்தேகம் வந்தால் தாழ்வின் பக்கமே இருங்கள்.

மரத்தை அணைத்து வைக்கும் பின்பக்கத் தடுப்புக்கும் இதே நியாயம். மெஷினோடு வரும் தடுப்பு மட்டும்தான் மரத்துக்குச் சாட்சி. ரெக்கையில் நீங்கள் வைக்கும் பலகை அதைவிட ஒரு நூல் பின்னால் நிற்கட்டும். சமமாக வைத்தால், வளைந்த ரீப்பர் வரும்போது அது ரெக்கைத் தடுப்பில் இடித்துக்கொண்டு மெஷின் தடுப்பை விட்டு விலகி நிற்கும், 90 டிகிரி வெட்டு 89 ஆகிவிடும். ரெக்கைத் தடுப்பு எதற்கு என்றால் மரத்தின் நுனி முட்டி நிற்கும் ஸ்டாப் கட்டை மாட்டுவதற்கு. ஒரே அளவில் நாற்பது பீடிங் வெட்டும்போது டேப்பைத் தொடவே வேண்டாம். அந்த ஸ்டாப் கட்டையின் அடி முனையை உளியால் சாய்வாகச் சீவிவிடுங்கள். இல்லையென்றால் தூள் அங்கே சேர்ந்து, பத்தாவது துண்டிலிருந்து அளவு குறைந்துகொண்டே வரும், ஏன் என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

மெஷினை 8 எம்எம் போல்ட் நான்கில் மாட்டுங்கள், அகல வாஷர் கட்டாயம். முடுக்கும் முன்பு ஒன்றைப் பாருங்கள். மெஷினைச் சும்மா வைத்தபோது நான்கு காலும் இரும்பைத் தொடுகின்றனவா? ஒரு கால் தூக்கியிருந்தால் அதை அப்படியே போல்ட்டால் இழுத்து இறக்காதீர்கள். அடிப்பாகம் வார்ப்பு அலுமினியம், இழுத்தால் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் கோணம் என்ன செய்தாலும் நிற்காது. தூக்கிய காலுக்கு அடியிலும் மைக்கா. மாட்டி முடித்ததும் 6 இஞ்ச் அகல பிளைவுட் ஒன்றை 90இல் வெட்டி, ஒரு துண்டை மட்டும் குப்புறத் திருப்பி, இரண்டையும் நேர்ப்பலகை ஒன்றில் அணைத்து வெட்டு முனைகளைச் சேர்த்து வையுங்கள். சேரும் இடத்தில் இடைவெளி தெரிந்தால் உண்மையான பிழை அதில் பாதி.

மாடி ஏற்றும்போது மெஷினைக் கழற்றித் தனியாக எடுங்கள். 25 கிலோவை மொத்தமாக ஒரே ஆள் படியில் தூக்க வேண்டாம். அதற்காகவே அந்த நான்கு போல்ட்டுக்கும் சிறகு நட்டு போட்டால் ஸ்பானர் தேவைப்படாது. சக்கரம் வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். லிப்ட் உள்ள அடுக்குமாடிக்குச் சரி. மணலும் படியும் உள்ள சைட்டில் சக்கரம் வெறும் எடை.

மின்சாரத்தை இரண்டு வரியில் முடிக்கிறேன். 1650 வாட் மெஷின் ஓடும்போது 7 ஆம்பியர் எடுக்கும், கிளம்பும் நொடியில் பல மடங்கு. 6 ஆம்பியர் பிளக்கில் கன்வெர்ட்டர் சொருகி ஓட்டாதீர்கள். 2.5 சதுர எம்எம் மூன்று கோர் வயரில், 16 ஆம்பியர் பிளக்கோடு, தனி எக்ஸ்டென்ஷன் செய்துகொள்ளுங்கள். வயரைச் சுருளாக விட்டு ஓட்டினால் சுருளுக்குள்ளே சூடேறும், முழுவதும் அவிழ்த்துப் போட வேண்டும். தற்காலிக லைன் என்றால் மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று சொந்தமாக வைத்திருப்பது நல்லது. இரும்புக் கால் வேறு, ஈரத்தளம் வேறு.

கடைசியாக மார்பிள் கட்டர். நம் ஊரில் பாதி சைட்டில் இது நடக்கிறது என்று தெரியும். பிளைவுட்டில் கீறல் போட்டு, 4 இஞ்ச் கட்டரை அடியில் கவிழ்த்து மாட்டி, சுவிட்சை டேப் சுற்றி ஆனிலேயே வைத்து, பிளக்கை உருவித்தான் நிறுத்துவார்கள். அந்த மெஷின் நிமிடத்துக்கு 12,000 சுற்று வாக்கில் ஓடுவது. டேபிள் சாவில் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு ஒன்று உண்டு. அறுத்த வாய் மூடிப் பிளேடைக் கவ்வாமல் பார்ப்பது அதன் வேலை. கவிழ்த்த கட்டரில் அது கிடையாது, மேல் மூடி கிடையாது, அவசரத்துக்குத் தட்டி நிறுத்தச் சுவிட்சும் கிடையாது. பலகை கவ்வினால் உங்களை நோக்கித்தான் வரும், பலகையைத் தள்ளிக்கொண்டிருந்த கை பிளேடு மேல் விழும். ஸ்டாண்டில் இதற்கு இடம் ஒதுக்க நான் அளவு தர மாட்டேன்.

உங்களுக்கு நீளவாக்கில் பிளைவுட் அறுக்கத்தான் அது வேண்டும் என்றால் வழி இருக்கிறது. தரையில் இரண்டு இஞ்ச் தெர்மாகோல் ஷீட் விரித்து, அதன்மேல் பிளைவுட்டைப் படுக்கவைத்து, கம்பெனி விளிம்பு உள்ள 12 எம்எம் துண்டு ஒன்றை கைடாக இரண்டு கிளாம்பில் பிடித்து, கையில் ஓட்டும் சர்குலர் சாவால் அறுங்கள். பிளேடு பிளைவுட்டைத் தாண்டி ஒரு நூல் மட்டும் இறங்கும்படி ஆழத்தை வையுங்கள். தெர்மாகோல் இரண்டு பக்கத்தையும் முழுவதுமாகத் தாங்குவதால் வெட்டு வாய் மூடாது, 8 அடி ஷீட்டை ஒரே ஆள் அறுத்துவிடலாம்.